லினக்ஸ் கெர்னலில் பாயிண்டர் டைப் எச்சரிக்கைகளைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழி தெரிந்து, இப்போதுதான் டிரைவர் கோடில் கைவைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். கெர்னலில் ஸ்பார்ஸ் என்ற கருவியை ஓட்டியதும் கொட்டும் எச்சரிக்கைகளில் பாயிண்டர் பற்றியவைதான் பலரையும் குழப்புகின்றன. ஒரு காஸ்ட் போட்டால் எந்த எச்சரிக்கையும் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அந்த முகவரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால்தான் பிழை சரியாகும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டாவது வழியைப் பற்றியவை. கோடில் வரும் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதி, அடிக்கோடுகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஸ்பார்ஸ் என்றால் என்ன? கம்பைலர் சொல்லாததை அது எப்படிச் சொல்கிறது?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2003ல் எழுதத் தொடங்கிய சோதனைக் கருவி அது. சி கோடைப் படிக்கும், டைப்புகளை ஒப்பிடும், புரோகிராமை ஓட்டாது. சி மொழியைப் பொறுத்தவரை பாயிண்டர் என்றால் பாயிண்டர்தான். யூசர் புரோகிராம் கொடுத்த முகவரி, கெர்னலின் சொந்த நினைவகம், பிசிஐ கார்டின் ரெஜிஸ்டர் எல்லாமே கம்பைலருக்கு ஒன்றுதான். கெர்னலுக்கு அவை வேறு வேறு. அதனால் பாயிண்டரின் டைப்போடு ஓர் அடையாளத்தை ஒட்டிவைக்கிறார்கள். யூசர் முகவரிக்கு __யூசர், சாதன ரெஜிஸ்டருக்கு __ஐஓமெம், ஆர்சியூ (லாக் பிடிக்காமலே பலர் படிக்க விடும் முறை) பாதுகாப்பில் உள்ளதற்கு __ஆர்சியூ, ஒவ்வொரு சிபியூவுக்கும் தனிப் பிரதி உள்ளதற்கு __பெர்சிபியூ.

சாதாரணமாக ஜிசிசியில் கம்பைல் செய்யும்போது இவற்றில் பெரும்பாலானவை வெற்று மேக்ரோக்கள். வெளிவரும் மெஷின் கோடில் எந்த வித்தியாசமும் இருக்காது. ஸ்பார்ஸ் ஓடும்போது மட்டும் இவை 'இது வேறு முகவரி வெளி, நேரடியாகத் தொடாதே' என்ற பண்புகளாக விரியும். ஓர் அடையாளம் உள்ள பாயிண்டரை இன்னொன்று எதிர்பார்க்கும் இடத்தில் கொடுத்தால் எச்சரிக்கை வரும். கெர்னல் முழுக்க இந்த அடையாளங்களைப் பொறுமையாகப் போட்டுவைத்ததில் அல் வைரோவின் உழைப்பு பெரியது. இன்று நமக்கு வரும் எச்சரிக்கைகள் பயனுள்ளவையாக இருப்பதற்கு அந்த வேலைதான் காரணம்.

எப்படி ஓட்டுவது?

ஸ்பார்ஸை உங்கள் டிஸ்ட்ரோவின் பேக்கேஜாகவே நிறுவிக்கொள்ளலாம். பழைய பதிப்பாக இருந்து புதிய கெர்னலைப் படிக்கத் திணறினால் மூலக்கோடை எடுத்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், சிறிய புரோகிராம்தான். அப்புறம் கெர்னல் மரத்தில் 'மேக் சி=1' என்றால், புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டும் சோதிக்கும். 'மேக் சி=2' என்றால் கம்பைல் ஆக வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் சோதிக்கும். முழுக் கெர்னலுக்கும் ஓட்டாமல், நீங்கள் வேலை செய்யும் டைரக்டரியின் பெயரைக் கடைசியில் கொடுத்து அதற்கு மட்டும் ஓட்டுங்கள்.

முன்பெல்லாம் எண்டியன் (எண்ணின் பைட் வரிசை) சோதனைக்குத் தனியாக ஒரு கொடி கொடுக்க வேண்டியிருந்தது. 4.10 கெர்னலிலிருந்து அது தானாகவே ஓடுகிறது. பழைய வழிகாட்டிகளில் அந்தக் கொடியைப் பார்த்தால் தாண்டிப் போகலாம்.

'டிஃபரெண்ட் அட்ரஸ் ஸ்பேசஸ்' என்று வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

எச்சரிக்கையின் மூன்று வரிகளையும் முழுதாகப் படியுங்கள். முதல் வரி எந்த ஆர்கியுமென்ட் என்று சொல்லும். 'எக்ஸ்பெக்டட்' என்ற வரி ஃபங்ஷன் கேட்பதையும் 'காட்' என்ற வரி நீங்கள் கொடுத்ததையும் சொல்லும். பழைய பதிப்பில் பெயருக்குப் பதில் 'ஏஎஸ்என்:1' என்பதுபோல எண் வரும். 1 யூசர், 2 ஐஓமெம், 3 பெர்சிபியூ, 4 ஆர்சியூ.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். ஒரு கேரக்டர் டிவைஸின் ரைட் ஃபங்ஷன். யூசரிடமிருந்து 'கான்ஸ்ட் சார் __யூசர் *பஃப்' வருகிறது. எழுதியவர் அதை மெம்காப்பி மூலம் டிரைவரின் சொந்த பஃபருக்கு நகலெடுத்திருக்கிறார். இரண்டாவது ஆர்கியுமென்ட் சரியில்லை என்கிறது ஸ்பார்ஸ்; மெம்காப்பி கேட்பது சாதாரண 'கான்ஸ்ட் வாய்ட் *', கிடைத்ததோ __யூசர் பாயிண்டர்.

இங்கே '(வாய்ட் *)பஃப்' என்று காஸ்ட் செய்தால் 'காஸ்ட் ரிமூவ்ஸ் அட்ரஸ் ஸ்பேஸ்' என்று வேறொரு எச்சரிக்கை வரும். அதையும் அடக்க __ஃபோர்ஸ் சேர்த்தால் அமைதி கிடைக்கும், கூடவே உண்மையான பாதுகாப்பு ஓட்டையும் பத்திரமாக மறைந்துவிடும். யூசர் புரோகிராம் தன் பஃபர் முகவரிக்குப் பதில் கெர்னலுக்குள் உள்ள ஒரு முகவரியைக் கொடுத்தால், மெம்காப்பி எதையும் கேட்காமல் நகலெடுக்கும். வாசிக்கும் திசையில் இதே தவறு இருந்தால், யூசர் கெர்னல் நினைவகத்தில் தான் விரும்பிய இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

சரியான தீர்வு காப்பி_ஃப்ரம்_யூசர்(). அது முகவரி யூசர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் கொண்டுவரும். முகவரியே பொய்யென்றால் கெர்னலை விழவிடாமல் திரும்பும். மாற்றும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, நீளம். யூசர் சொன்ன நீளம் உங்கள் பஃபரின் அளவைத் தாண்டுகிறதா என்று நகலெடுக்கும் முன்பே பாருங்கள். மெம்காப்பி இருந்த இடத்தில் பெரும்பாலும் இந்தச் சோதனையும் விட்டுப்போயிருக்கும்.

இரண்டு, திரும்பும் மதிப்பு. காப்பி_ஃப்ரம்_யூசர் தருவது பிழை எண் அல்ல; நகலெடுக்க முடியாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே 'ரிட்டர்ன்' செய்தால், தோல்வியைப் போய் 'இத்தனை பைட் எழுதிவிட்டேன்' என்று யூசரிடம் சொன்னதாகிவிடும். பூஜ்ஜியம் இல்லையென்றால் -ஈஃபால்ட் திருப்ப வேண்டும்.

மூன்று, லாக். இந்த ஃபங்ஷன் தூங்கக்கூடும், பக்கம் வரும்வரை காத்திருக்கும். ஸ்பின்லாக் (தூங்காமல் சுழன்று காத்திருக்கும் லாக்) பிடித்திருக்கும்போது கூப்பிடக் கூடாது. பழைய கோடில் மெம்காப்பி ஸ்பின்லாக்குக்குள் இருந்தால், பெயரை மட்டும் மாற்றுவது ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. முதலில் ஒரு தற்காலிக பஃபருக்கு நகலெடுத்து, அப்புறம் லாக்கைப் பிடியுங்கள். மெம்டூப்_யூசர்() இதற்கென்றே இருக்கிறது.

நான்கு, இரண்டாவது முறை படிப்பது. யூசர் நினைவகத்தில் ஒரு மதிப்பைப் படித்துச் சோதித்துவிட்டு, பயன்படுத்தும்போது மீண்டும் அங்கேயே படித்தால், இடையில் இன்னொரு திரெட் அதை மாற்றியிருக்கலாம். ஒருமுறை நகலெடுங்கள், நகலையே பயன்படுத்துங்கள்.

என் மெஷினில் மெம்காப்பியே ஒழுங்காக ஓடியதே?

ஓடியிருக்கலாம். பழைய எக்ஸ்86 சிபியூக்களில் கெர்னலால் யூசர் நினைவகத்தை நேரடியாகத் தொட முடியும், வன்பொருள் தடுக்காது. 2014ல் வந்த பிராட்வெல் சிபியூக்களில் இன்டெல் ஸ்மேப் என்ற பாதுகாப்பைச் சேர்த்தது, ஆர்ம் 8.1ல் அதே வேலையைப் பேன் செய்கிறது. இவை இருக்கும் மெஷினில் அதே மெம்காப்பி ஊப்ஸ் என்ற கெர்னல் பிழைச்செய்தியோடு விழும். ஐபிஎம்மின் எஸ்390ல் இன்னும் சிக்கல்: அங்கே யூசருக்கும் கெர்னலுக்கும் முகவரி வெளியே தனித்தனி. ஒரே எண் இரண்டு பக்கமும் வேறு வேறு நினைவகத்தைக் குறிக்கும், ஆகவே பிழைச்செய்தி எதுவும் வராமலே தவறான தரவைப் படித்துக்கொண்டு போகும்.

__யூசர் நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம் வர வேண்டும்?

இடப்பக்கம், அநேகமாக எப்போதுமே. 'சார் __யூசர் *பஃப்' என்றால் பஃப் என்ற மாறி கெர்னலில் இருக்கிறது, அது சுட்டும் எழுத்துகள் யூசர் வெளியில் இருக்கின்றன. 'சார் * __யூசர் பஃப்' என்றால் அந்த மாறியே யூசர் வெளியில் இருப்பதாக அர்த்தம். லோக்கல் மாறிக்கு அது நடக்காத காரியம்.

இரண்டு பக்கமும் நியாயமாக வரும் இடம் எக்ஸெக்விஇ சிஸ்டம் கால். ஆர்க்வி அங்கே 'கான்ஸ்ட் சார் __யூசர் *கான்ஸ்ட் __யூசர் *ஆர்க்வி'. சரங்களும் யூசர் வெளியில், அந்தச் சரங்களைச் சுட்டும் பட்டியலும் யூசர் வெளியில். ஆகவே பட்டியலிலிருந்து ஒரு பாயிண்டரை எடுக்க ஒருமுறை கெட்_யூசர், அந்தப் பாயிண்டர் சுட்டும் சரத்தை எடுக்க இன்னொரு முறை நகல். டைப்பை வலமிருந்து இடமாக வாசித்தால் எத்தனை தடவை எல்லையைக் கடக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

ஐஓசிடிஎல்லில் முகவரி எண்ணாக வருகிறது. அதை எப்படிப் பாயிண்டராக்குவது?

ஐஓசிடிஎல் சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்; அதன் ஆர்க் 'அன்சைன்ட் லாங்'. ஃபங்ஷனின் முதல் வரியிலேயே 'வாய்ட் __யூசர் *ஆர்க்பி = (வாய்ட் __யூசர் *)ஆர்க்' என்று ஒருமுறை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஆர்க்பியை மட்டும் பயன்படுத்துங்கள். அன்சைன்ட் லாங்கிலிருந்து மாற்ற __ஃபோர்ஸ் தேவையில்லை, ஸ்பார்ஸும் கேட்காது. பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் காஸ்ட் போட்டால், ஏதாவது ஓரிடத்தில் __யூசர் விட்டுப்போகும்.

ஸ்ட்ரக்சருக்குள் முகவரி வந்தால் அது 64 பிட் எண்ணாக இருப்பதே நல்லது. 64 பிட் கெர்னலில் 32 பிட் புரோகிராம் ஓடும்போதும் ஸ்ட்ரக்சரின் அமைப்பு மாறாது. அதைப் பாயிண்டராக்க யூ64_டு_யூசர்_பிடிஆர்() என்ற மேக்ரோ உண்டு. கொடுக்கப்படுவது உண்மையிலேயே யூ64தானா என்று அது சோதிக்கும்; உங்கள் கைக் காஸ்ட் அதைச் செய்யாது. 32 பிட் காம்பேட் வழியில் வரும் எண்ணுக்குக் காம்பேட்_பிடிஆர்(). எஸ்390ல் 31 பிட் முகவரிதான், மேல் பிட்டைக் கழிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

'டீரெஃபரன்ஸ் ஆஃப் நோடீரெஃப் எக்ஸ்பிரஷன்' என்றால்?

நேரடியாகத் தொடக் கூடாத பாயிண்டரை நட்சத்திரம் போட்டோ அம்புக்குறி போட்டோ தொட்டிருக்கிறீர்கள். அதிகம் வருவது ரெஜிஸ்டர்களை ஸ்ட்ரக்சராக வரைந்துவைத்த டிரைவர்களில். 'ரெக்ஸ்->கண்ட்ரோல் = 1' என்பது தவறு. 'ரைட்எல்(1, &ரெக்ஸ்->கண்ட்ரோல்)' என்பது சரி; முகவரியை எடுக்க மட்டும் அம்புக்குறியைப் பயன்படுத்தினால் நினைவகத்தைத் தொட்டதாகாது, __ஐஓமெம் அடையாளமும் கூடவே வரும்.

ஐஓரீமேப் திருப்பியதை ஏன் சாதாரண பாயிண்டராக வைத்துக்கொள்ளக் கூடாது?

ஐஓரீமேப் சாதனத்தின் ரெஜிஸ்டர்களைத் தொட ஒரு கெர்னல் முகவரி தரும். அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பது ரேம் இல்லை, சாதனம். படிப்பதாலேயே ஒரு கொடி அழியலாம். இரண்டு முறை எழுதினால் இரண்டு கட்டளையாகலாம். சாதாரண பாயிண்டராக இருந்தால் கம்பைலர் எழுதும் செயல்களை இணைக்கலாம், வரிசையை மாற்றலாம், துண்டாக்கலாம். மெம்காப்பி தனக்கு வசதியான அகலத்தில் நகலெடுக்கும். ஆர்ம்64ல் சாதன நினைவகத்தை ஒழுங்கற்ற முகவரியில் தொட்டால் ஃபால்ட்டே வரும். அதனால்தான் மெம்காப்பி_டுஐஓ, மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ என்று தனி ஃபங்ஷன்கள். ரீட்எல், ரைட்எல் இரண்டும் அகலத்தையும் வரிசையையும் உறுதி செய்கின்றன. டிஎம்ஏ பஃபரில் (சாதனம் நேரடியாகப் படிக்கும் ரேம்) எழுதியது சாதனத்துக்கு மணியடிக்கும் முன் போய்ச் சேரும்படியும் பார்த்துக்கொள்கின்றன.

பெரும்பாலான ஐஓமெம் எச்சரிக்கைகளுக்குத் தீர்வு, டிரைவரின் ஸ்ட்ரக்சரில் 'வாய்ட் *பேஸ்' என்று இருப்பதை 'வாய்ட் __ஐஓமெம் *பேஸ்' ஆக்குவது. ஒரு வரிதான். அதன் பிறகும் மிஞ்சும் எச்சரிக்கைகளை உட்கார்ந்து பாருங்கள். உண்மையான பிழைகள் இருப்பது அவற்றில்தான்.

எதிர்த்திசையும் உண்டு. ஃபர்ம்வேர் ஒதுக்கிவைத்த ரேம் பகுதியை, வேறு வழி தெரியாமல் ஐஓரீமேப் செய்து, பிறகு __ஃபோர்ஸ் போட்டுச் சாதாரண பாயிண்டராக்கும் கோடு நிறைய இருக்கிறது. படிப்பதாலும் எழுதுவதாலும் பக்கவிளைவு இல்லாத நினைவகம் என்றால் மெம்ரீமேப்() தான் சரி. 4.3 கெர்னலில் வந்தது, திருப்புவதும் __ஐஓமெம் இல்லாத பாயிண்டர். காஸ்ட் தேவையே இல்லாமல் போகும்.

ஒரே மாறியில் சில சமயம் சாதன நினைவகம், சில சமயம் ரேம். என்ன அடையாளம் போடுவது?

இரண்டில் எதைப் போட்டாலும் பொய்யாகும். கிராஃபிக்ஸ் டிரைவர்களில் இது பல வருடத் தலைவலி. ஃபிரேம் பஃபர் ஒரு கார்டில் பிசிஐ நினைவகத்தில் இருக்கும், இன்னொன்றில் சாதாரண ரேமில் இருக்கும். இதற்கென்று வந்ததுதான் ஐஓசிஸ்_மேப் என்ற ஸ்ட்ரக்சர். உள்ளே இரண்டு வகைப் பாயிண்டரும் ஒரு யூனியனில் இருக்கும், எது என்று சொல்ல ஒரு பூலியன். நகலெடுக்கும் உதவி ஃபங்ஷன்கள் அதைப் பார்த்துச் சரியான வழியைத் தேர்ந்தெடுக்கும்.

யூசர் பாயிண்டரா கெர்னல் பாயிண்டரா என்ற குழப்பத்துக்கும் இதே தீர்வு. சாக்கெட் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட் பக்கம் சாக்பிடிஆர்_டி 5.9ல் வந்தது. அதற்கு முன், கெர்னல் முகவரியை யூசர் முகவரிபோல நடத்தச் செட்_எஃப்எஸ்() என்ற தந்திரம் இருந்தது. அதைத் திரும்ப மாற்ற மறந்தால் யூசர் சோதனையே இல்லாமல் போகும். எக்ஸ்86ல் 5.10 கெர்னலோடு அது ஒழிந்தது, நல்லதாயிற்று. உங்கள் பழைய டிரைவரில் அது இன்னும் இருந்தால், எச்சரிக்கைகளைத் தொடும் முன் அதை நீக்குங்கள்.

'ரெஸ்ட்ரிக்டட் __எல்இ32' என்று வருவதும் பாயிண்டர் பிரச்சினையா?

நேரடியாக இல்லை, ஆனால் பாயிண்டரோடு சேர்ந்தே வரும். சாதனத்தோடோ நெட்வொர்க்கோடோ பகிரும் ஸ்ட்ரக்சரைச் சுட்டும் பாயிண்டர் மூலம் படிக்கும்போது, அந்த எண்ணின் பைட் வரிசை என்ன என்பது கேள்வி. ஸ்ட்ரக்சரில் யூ32 என்று இருந்து, படிக்கும்போது எல்இ32_டு_சிபியூ போட்டால் 'காஸ்ட் டு ரெஸ்ட்ரிக்டட்' என்று வரும். ஃபீல்டின் டைப்பை __எல்இ32 ஆக்குங்கள். அளவும் அமைப்பும் மாறாது. மாற்றியதும், அதே ஃபீல்டை மாற்றாமல் படித்த இடங்கள் எல்லாம் தாமாக வெளியே வரும்.

இதில் ஒரு வகையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'ரைட்எல்(சிபியூ_டு_எல்இ32(வி), பேஸ்)'. முதல் ஆர்கியுமென்ட் சாதாரண எண்ணாக இருக்க வேண்டும், __எல்இ32 கிடைத்தது என்கிறது ஸ்பார்ஸ். பலரும் '(__ஃபோர்ஸ் யூ32)' போட்டு முடிக்கிறார்கள். உண்மை என்னவென்றால் ரைட்எல்லே லிட்டில் எண்டியனாக மாற்றித்தான் எழுதும். எக்ஸ்86ல் இரண்டு மாற்றமும் ஒன்றும் செய்யாது, ஆகவே எத்தனை வருடமானாலும் தெரியாது. பிக் எண்டியன் மெஷினில் பைட்டுகள் இரண்டு முறை திரும்பி, பழைய வரிசைக்கே வந்துவிடும். சாதனத்துக்குப் போவது தலைகீழான எண். தீர்வு காஸ்ட் இல்லை, சிபியூ_டு_எல்இ32ஐ நீக்குவது.

ஆனால் அந்த டிரைவர் ஒரு பிக் எண்டியன் போர்டில் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தது என்றால் நிறுத்தி யோசியுங்கள். அங்கே ரெஜிஸ்டரே பிக் எண்டியனாக இருக்கலாம், இரட்டை மாற்றம்தான் அதைக் காப்பாற்றிவந்திருக்கலாம். அப்போது எழுத வேண்டியது ஐஓரைட்32பிஇ. டேட்டாஷீட்டைப் பார்க்காமல் இந்த ஒரு எச்சரிக்கையில் மட்டும் கைவைக்காதீர்கள்.

ஆர்சியூ எச்சரிக்கையைச் சரிசெய்யப் போய் எச்சரிக்கைகள் கூடிவிட்டன. தவறாகச் செய்தேனா?

இல்லை, சரியான பாதைதான். ஆர்சியூ_டீரெஃபரன்ஸுக்குள் கொடுத்த பாயிண்டரின் அறிவிப்பில் __ஆர்சியூ இல்லையென்றால், ஒப்பீட்டில் டைப் பொருந்தவில்லை என்று சொல்லும். அறிவிப்பில் சேர்த்தவுடன், அந்தப் பாயிண்டரைச் சாதாரணமாகத் தொட்ட ஒவ்வோர் இடமும் பேச ஆரம்பிக்கும். ஒவ்வொன்றிலும் 'இங்கே என்ன பாதுகாப்பில் இருக்கிறேன்' என்று கேளுங்கள்.

ரீட் லாக்குக்குள் படிக்கிறீர்கள் என்றால் ஆர்சியூ_டீரெஃபரன்ஸ். மாற்றும் பக்கத்தின் லாக்கைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால் ஆர்சியூ_டீரெஃபரன்ஸ்_ப்ரொடெக்டட், கூடவே எந்த லாக் என்பதை லாக்டெப் என்ற லாக் சோதனைக் கருவி வாயிலாகச் சொல்ல வேண்டும். நல் (வெற்றுப் பாயிண்டர்) தானா என்று பார்க்க மட்டும் என்றால் ஆர்சியூ_ஆக்சஸ்_பாயிண்டர். புதிய பொருளை வெளியிட ஆர்சியூ_அசைன்_பாயிண்டர். கடைசியானதைச் சாதாரண '=' என்று எழுதிவைத்திருப்பதுதான் நான் பார்த்த கோடுகளில் அபாயமானது. பொருளின் உள்ளடக்கம் எழுதப்படும் முன்பே அதன் முகவரி மற்ற சிபியூக்களுக்குத் தெரிந்துவிடலாம். ஆர்மிலும் பவர் சிபியூக்களிலும் வன்பொருளே அப்படி வரிசை மாற்றும்.

ப்ரொடெக்டட் வடிவத்தில் நிபந்தனையாக வெறும் 1 போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. பொருளை இன்னும் யாருக்கும் காட்டாத தொடக்க நிலையிலோ, எல்லோரும் விட்ட பிறகு அழிக்கும் இடத்திலோ அது நியாயம். மற்ற இடத்தில் லாக்டெப்பின் கண்ணைக் கட்டுவதுதான்.

__பெர்சிபியூ?

அல்லாக்_பெர்சிபியூ தருவது உண்மையான முகவரியே இல்லை, ஒவ்வொரு சிபியூவின் பகுதியோடும் கூட்ட வேண்டிய ஆஃப்செட். பெர்_சிபியூ_பிடிஆர் அல்லது திஸ்_சிபியூ_பிடிஆர் வழியாகத்தான் தொட வேண்டும். திஸ்_சிபியூ_பிடிஆர் பயன்படுத்தும்போது வேறு சிபியூவுக்கு நகர்ந்துவிடாமல் ப்ரீஎம்ப்ஷன் (இடையில் வேறு வேலைக்கு மாற்றுவது) நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதை ஸ்பார்ஸ் சொல்லாது.

'யூசிங் ப்ளெய்ன் இன்டிஜர் ஆஸ் நல் பாயிண்டர்': இதெல்லாம் ஒரு பிழையா?

பெரும்பாலும் பிழையில்லை, ஆனாலும் மாற்றுங்கள். 0 என்ற இடத்தில் நல் போட்டால் படிப்பவருக்கு அது பாயிண்டர் என்று தெரியும். சில சமயம் இந்த எச்சரிக்கை ஆர்கியுமென்ட் வரிசை மாறியிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். நீளத்துக்கு வைத்த 0 பாயிண்டர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றாமல், ஃபங்ஷனின் அறிவிப்பை ஒருமுறை பாருங்கள். ஒப்பீடுகளை மொத்தமாக மாற்ற, பிரான்ஸின் இன்ரியாவில் உருவான காக்சினெல் என்ற கோடு மாற்றும் கருவிக்கான ஸ்கிரிப்ட் கெர்னல் மரத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் __ஃபோர்ஸ் போடவே கூடாதா?

போடலாம், காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால். நெட்வொர்க் கோடில் ஐபி முகவரியை ஹாஷ் செய்யும்போது '(__ஃபோர்ஸ் யூ32)' வரும். ஹாஷுக்கு பைட் வரிசை முக்கியமில்லை, ஒரே மெஷினில் ஒரே மாதிரி இருந்தால் போதும். ஐஓமெம் திருப்பும் ஃபங்ஷன் பிழை எண்ணைத் திருப்ப ஐஓமெம்_எர்ர்_பிடிஆர் என்ற மேக்ரோ உண்டு, அதற்குள் __ஃபோர்ஸ் இருக்கிறது. அது முகவரியே இல்லை, பாயிண்டர் வேடத்தில் வரும் பிழை எண், ஆகவே சரி. கவனித்தால் இப்படி நியாயமானவை பெரும்பாலும் உதவி மேக்ரோவுக்குள்ளோ ஆர்க்கிடெக்சர் கோடிலோதான் இருக்கும். சாதாரண டிரைவரின் நடுவில் __ஃபோர்ஸைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். நீங்கள் எழுதியதாக இருந்தால் பக்கத்தில் ஒரு கமென்ட் வையுங்கள்.

ஸ்பார்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. கோடு பாதுகாப்பானதா?

டைப் சரி என்று மட்டும்தான் அர்த்தம். 2010ல் வெளியான ஆர்டிஎஸ் நெட்வொர்க் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாயிண்டருக்கு __யூசர் அடையாளம் சரியாகவே இருந்தது. ஆனால் முகவரி எல்லையைச் சோதிக்காத, இரண்டு அடிக்கோடில் தொடங்கும் நகல் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தார்கள், அந்தச் சோதனையைச் செய்யும் ஆக்சஸ்_ஓகே விட்டுப்போயிருந்தது. சாதாரண யூசர் ரூட் ஆக முடிந்தது. 2017ல் 4.13 கெர்னலின் வெயிட்ஐடி சிஸ்டம் காலிலும் அதே ஆக்சஸ்_ஓகே இல்லாத கதைதான். அதற்குப் பிறகு, 5.0ல் யூசர்_ஆக்சஸ்_பிகின்() தானே அந்தச் சோதனையைச் செய்யும்படி மாற்றினார்கள். இந்த இரண்டையும் ஸ்பார்ஸால் பிடிக்க முடியாது. இரண்டு அடிக்கோடு உள்ள யூசர் ஃபங்ஷன்களைப் பார்த்தால், சோதனை எங்கே நடந்தது என்று நீங்களேதான் தேட வேண்டும்.

இன்னொரு குறை, ஸ்பார்ஸ் நீங்கள் போட்ட அடையாளத்தை நம்பும், இல்லாததைக் கண்டுபிடிக்காது. பெர்க்லியில் 2004ல் சிகுவால் என்ற கருவி அடையாளங்களைத் தானே ஊகித்துக்கொண்டு போய், லினக்ஸில் யூசர் பாயிண்டர் தொடர்பான, தாக்குதலுக்குப் பயன்படக்கூடிய 17 பிழைகளைக் கண்டுபிடித்தது. அவற்றில் பல, மனிதர்கள் கவனமாகப் படித்தும் தப்பியவை. இன்று ஸ்பார்ஸின் மேல் கட்டப்பட்ட ஸ்மேட்ச் ஃபங்ஷன்களைத் தாண்டித் தரவைப் பின்தொடர்கிறது. இரண்டையும் ஓட்டுங்கள்.

பேட்சை எப்படி எழுதி அனுப்புவது?

'ஸ்பார்ஸ் எச்சரிக்கை சரிசெய்யப்பட்டது' என்பது தலைப்பே இல்லை. என்ன தவறாக இருந்தது என்று எழுதுங்கள்: 'யூசர் பஃபரை நேரடியாகப் படிக்காமல் நகலெடுத்துப் படி' என்பதுபோல. எச்சரிக்கை உரையை உள்ளே ஒட்டி, அதற்குக் கீழே அந்தப் பாயிண்டர் எங்கிருந்து வருகிறது என்று விளக்குங்கள்.

அடையாளம் மட்டும் சேர்க்கும் மாற்றமும் நடத்தையை மாற்றும் மாற்றமும் தனித்தனிப் பேட்சாக இருக்கட்டும். முதல் வகைக்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோப்புகளை டிஸ்அசெம்பிள் செய்து ஒப்பிடுங்கள். வரி எண்கள் பதிவாகும் இடங்களைத் தவிர ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. மாறியிருந்தால் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக ஏதோ செய்திருக்கிறீர்கள். ஒப்பிட்டுப் பார்த்ததை பேட்சிலும் ஒரு வரியாகச் சொல்லுங்கள், பராமரிப்பவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார். எண்டியன் மாற்றம் என்றால் எஸ்390க்கோ பிக் எண்டியன் பவர்பிசிக்கோ கிராஸ் கம்பைல் செய்தாவது பாருங்கள். கியூஎமு என்ற மெஷின் எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

'ஃபிக்சஸ்' வரி உண்மையான பிழைக்கு மட்டும். அது இருந்தால் நிலையான கெர்னல் பதிப்புகளுக்கும் பேட்ச் போய்ச் சேரக்கூடும், வெறும் அடையாள மாற்றம் அங்கே தேவையில்லை.

பழைய டிரைவர், நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை. எதை முதலில்?

யூசர் முகவரி பற்றியவை முதலில், பாதுகாப்பு அங்கேதான். அப்புறம் ஆர்சியூ, எண்டியன், ஐஓமெம். நல் கடைசி. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஸ்ட்ரக்சரில் ஒரே ஃபீல்டின் டைப் தவறாக இருப்பதால் பல கோப்புகளில் வருபவை நிறைய இருக்கும். ஒரே மாறியின் பெயர் எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அதன் அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் ஸ்டேஜிங் டைரக்டரியில் உள்ள டிரைவர்களை எடுத்துக்கொள்ளலாம், அது இப்படிப்பட்ட வேலைக்கென்றே இருக்கும் இடம்.

பேட்ச் அனுப்பியதும் இன்டெலின் சோதனை ரோபோவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த வரியை நான் தொடவே இல்லையே?

மின்னஞ்சலில் '>>' என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள், அவைதான் உங்கள் பேட்சால் புதிதாக வந்தவை என்று ரோபோ கருதுபவை. ஹெடரில் ஒரு டைப்பை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் வேறொரு ஆர்க்கிடெக்சரின் கோப்பில் எச்சரிக்கை வரும். உங்கள் கான்ஃபிகில் அந்தக் கோப்பு கம்பைல் ஆகாததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மின்னஞ்சலிலேயே கான்ஃபிகும் அதே சூழலில் ஓட்டும் வழியும் இருக்கும். அதை எடுத்து உங்கள் மெஷினில் ஓட்டிப் பார்த்து, அடுத்த பதிப்பில் சேர்த்துச் சரிசெய்து அனுப்புங்கள். பேட்ச் ஏற்கெனவே மரத்தில் சேர்ந்துவிட்டது என்றால் தனிப் பேட்சாக அனுப்பி, ரோபோ கேட்கும் 'ரிப்போர்ட்டட்-பை', 'க்ளோசஸ்' வரிகளைச் சேர்த்துவிடுங்கள்.